'கடலோரத் துறவி': ஒரே ஓவியத்தை ஒரு மணி நேரம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த ஓவியத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஓடும் பேருந்தில், கைபேசித் திரையில். படம் பாதிதான் இறங்கியிருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். அடியில் வெளுத்த ஒரு பட்டை, அதன்மேல் கருத்த ஒரு பட்டை, மிச்சமெல்லாம் சாம்பல். சிக்னல் திரும்பியதும் பக்கத்திலிருந்த மற்ற படங்கள் தெளிந்தன. இது மட்டும் அப்படியே இருந்தது. விரலால் விரித்துப் பார்த்த பிறகுதான், அந்தக் கறுப்புக் கீறல் ஓர் ஆள் என்பது தெரிந்தது.

படம் முழுதாக வரவில்லை என்று எனக்குத் தோன்றியது தப்பில்லை என்பது பிறகு புரிந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஓவியரின் வேலைக்கூடத்திலேயே நின்று இதைப் பார்த்தவர்களுக்கும் அதே குறைதான். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிஷ் இதை 1808-க்கும் 1810-க்கும் இடையில் டிரெஸ்டன் நகரில் வரைந்தார். வரைந்தார் என்பதைவிட, வரைந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார் என்பதுதான் சரி. அதனால் இதைப் பார்க்கும் முறையும் கொஞ்சம் வேறு. படத்தில் இருப்பதைத் தேடிப் போனால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவர் எடுத்துவிட்டவற்றை நாம் திரும்ப வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

தேவையானவை: ஒரு மணி நேரம், கைபேசியைவிடப் பெரிய திரை, அளவு டேப், சாக்பீஸ், நாலைந்து துண்டுக் காகிதம்.

1. சரியான படத்தை எடுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இணையத்தில் இந்த ஓவியத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்றில் வானம் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிக் கிடக்கும், அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல. இன்னொன்றில் நீலமும் சாம்பலும் தனித்தனியே தெரியும். முதலாவது பழைய புகைப்படம். ஓவியம் இருக்கும் பெர்லின் ஆல்ட்டே நாட்சியோனால்காலெரி அருங்காட்சியகம் சில ஆண்டுகள் செலவிட்டு இதைச் சீரமைத்தது. மஞ்சளித்துப்போன வார்னிஷும், பிற்காலத்தில் வேறு கைகள் பூசிவைத்த பூச்சுகளும் அகற்றப்பட்டு, 2016 ஜனவரியில் ஓவியம் மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தது. நமக்கு வேண்டியது அதன் பிறகு எடுத்த படம். விக்கிமீடியா காமன்ஸில் பெரிய அளவுக் கோப்பாகவே கிடைக்கிறது.

பழைய படத்தை எங்கேயாவது சேமித்துவைத்திருந்தால் அழித்துவிட வேண்டாம், இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழையதில் வானம் பார்ப்பவர்மேல் கவிந்து அமுக்கும், புதியதில் விலகித் தூரம் போகும். 2016-க்கு முன் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போதும் இது நினைவிருக்கட்டும். அவர்கள் பார்த்த வானம் வேறு.

2. சுவரில் அளவைக் குறியுங்கள்

அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் எனக்கு இந்த ஓவியம் பிடிபட்டது இதைச் செய்த பிறகுதான். அகலம் 171.5 செ.மீ., உயரம் 110 செ.மீ. அதாவது ஐந்தரை அடிக்குச் சற்று மேல் அகலம், மூன்றரை அடிக்குச் சற்று மேல் உயரம். சராசரி உயரமுள்ள ஒருவரைச் சுவரோரம் கிடத்தினால் வருகிற நீளம். சாக்பீஸால் அந்தச் செவ்வகத்தைச் சுவரில் வரையுங்கள், அதன் நடு உங்கள் கண்மட்டத்தில் இருக்கட்டும்.

அடுத்து, கீழ்விளிம்பிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடு இழுங்கள். அதுதான் தொடுவானம். கோட்டுக்குக் கீழே கடலும் மணலும், மேலே முக்கால் பங்குக்கும் அதிகமாக வெறும் வானம். கடைசியாக, நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி, மணல் கடலைத் தொடும் இடத்தில் ஒரு சின்னக் கோடு நிறுத்துங்கள். ஒரு விரல் உயரம் போதும். அவர்தான் நம் ஆள்.

நாலடி பின்னால் போய் நின்று பாருங்கள். பக்கவாட்டில் உங்கள் பார்வை முழுவதையும் செவ்வகம் எடுத்துக்கொள்ளும், அந்த விரல் மட்டும் காணாமல் போகும். கைபேசியில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஓவியம் முழுவதுமே நம் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது, நாம்தான் பெரியவர்கள்.

3. ஒன்றும் படிக்காமல் பத்து நிமிடம்

திரைக்குத் திரும்புங்கள். விளக்கக் குறிப்பு எதையும் திறக்க வேண்டாம். கீழிருந்து மேலே போங்கள்.

அடியில் வெளிறிய மணல். தட்டையான கரை இல்லை அது, இரண்டு பக்கமும் சரிந்து ஓரிடத்தில் மெல்ல முனை தூக்கும் மேடு. புல்லோ சிப்பியோ கல்லோ அங்கே வரையப்படவில்லை. முனைக்கு அருகில் நீண்ட கருப்பு அங்கியில் அந்த மனிதர். நமக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டி நிற்கிறார். தலையில் எதுவும் இல்லை. கையை முகவாய்க்குக் கொடுத்திருக்கிறார், யோசனையில் ஆழ்ந்தவர் நிற்கிற மாதிரி. அவருக்கு அப்பால் கடல். நீலம் என்று சொல்ல முடியாது, மைக்கருப்புக்குப் பக்கத்தில் வரும் ஒரு நிறம். அதில் அங்கங்கே வெள்ளைக் கீற்றுகள். சில அலையின் நுரை, சில கடற்காகங்கள். எது எது என்று பிரிக்கப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். கடலுக்கு மேலே அடர்ந்த மேகக் கரை, அதன்மேல் வெளிச்சம் கலந்த சாம்பல், உச்சியில் திறந்துவிட்ட நீலம்.

அவ்வளவுதான், பட்டியல் முடிந்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவருடைய தலை தொடுவானக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. கருப்பு அங்கிக்குப் பின்னால் கருப்புக் கடல். வானத்தின் வெளிச்சத்தில் தலையை நிறுத்தியிருந்தால் ஆள் பளிச்சென்று தெரிந்திருப்பார். ஃப்ரீட்ரிஷுக்கு அது தெரியாதா என்ன? வேண்டுமென்றே கடலுக்குள் வைத்திருக்கிறார். படத்திலேயே செங்குத்தாக நிற்பது இந்த மனிதர் ஒருவர்தான், அவருக்கும் வானத்தைத் தொட அனுமதி இல்லை.

4. கண் எந்த வழியாக உள்ளே போகிறது?

அந்தக் காலத்து நிலக்காட்சி ஓவியத்துக்கென்று ஒரு வீட்டு வழி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கிளோட் லொரெய்ன் படம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஒரு ஓரத்தில் கருத்த மரம், அது திரைச்சீலை மாதிரி படத்தை ஒதுக்கிப் பிடித்திருக்கும். முன்னால் ஆடோ மாடோ இடையனோ. அங்கிருந்து ஒரு பாதையோ ஆறோ வளைந்து நடுப்பகுதிக்குப் போகும், அப்புறம் பாலம், அதற்குப் பின்னால் வெளிச்சத்தில் கரையும் மலை. வாசல், கூடம், கொல்லை என்று கண் படிப்படியாக நடந்து போகலாம்.

இங்கே வாசலே இல்லை. ஓரங்களில் மரம் இல்லாததால் வானமும் கடலும் சட்டத்தோடு முடிகிறதா, இல்லை இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போகிறதா என்று சொல்ல முடியாது. மணலில் பாதையும் இல்லை. மணலுக்கு அடுத்து கடல், கடலுக்கு அடுத்து வானம், நடுவில் அளந்து பார்க்க ஒரு படகுகூடக் கிடையாது. அதனால் கடல் எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணால் கணக்குப் போட முடியாமல் போகிறது.

விரலால் சோதித்துப் பாருங்கள். கீழ் இடமூலையிலிருந்து மணல் மேட்டின் சரிவைத் தொட்டுக்கொண்டே போனால் விரல் அந்த மனிதரிடம் வந்து நிற்கும். அங்கிருந்து எங்கே போவது? ஒன்று, மேட்டின் அடுத்த பக்கமாக இறங்கிப் படத்தைவிட்டே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்க்கிற திசையில் பார்க்க வேண்டும். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

5. கப்பலைத் திரும்ப வையுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எண்ணெய் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும் கோட்டை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துப் பார்க்க முடியும். பூச்சை ஊடுருவிப் போகும் அந்தக் கதிரை, அடியில் உள்ள கரிக்கோடு உறிஞ்சிக்கொள்வதால் கோடு தனியே கருப்பாகத் தெரியும். இந்த ஓவியத்தை அப்படிப் பார்த்தபோது துறவிக்கு இடமும் வலமுமாக இரண்டு பாய்மரக் கப்பல்கள் வெளிப்பட்டன. அவற்றின் பாய்மரங்கள் தொடுவானத்தைக் கடந்து வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

இரண்டு துண்டுக் காகிதத்தில் கப்பல் வெட்டுங்கள். அழகெல்லாம் வேண்டாம், ஓர் அடித்தட்டும் ஒரு கம்பமும் போதும். திரையில் அவருக்கு இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். உடனே மூன்று மாற்றம் நடக்கும். கடலுக்கு ஆழம் கிடைத்துவிடும், ஏனென்றால் கப்பல் இருக்கும் தூரம் தெரிகிறது. வானம் சுருங்கிவிடும், கம்பம் அதைக் குத்தி அளந்துவிடுகிறது. மூன்றாவது மாற்றம்தான் பெரிது. கரையில் நிற்பவருக்கு ஒரு கதை வந்துவிடும். கப்பலுக்குக் காத்திருக்கிறார், யாரையோ வழியனுப்பிவிட்டு நிற்கிறார், போக முடியாமல் தவிக்கிறார். எதுவாக இருந்தாலும் அவர் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

காகிதத்தை எடுங்கள். காரணமும் கூடவே போய்விடும்.

அடுத்து, கட்டைவிரலால் மனிதரை மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது வானிலை, ஒரு மேகமூட்டமான நாள். பயமோ வெறுமையோ எதுவும் இருக்காது. விரலை எடுத்ததும் வந்துவிடும். அந்த வெறுமை அவ்வளவு பெரிய வானத்திலிருந்து வரவில்லை, அந்த ஒரு விரல் உயர ஆளிடமிருந்துதான் வருகிறது.

வானத்திலும் நிறைய வந்து போயிருக்கின்றன. ஒரு கட்டத்தில் அங்கே பிறைநிலவும் விடிவெள்ளியும் இருந்ததாக, வேலைக்கூடத்துக்கு வந்து பார்த்தவர் எழுதி வைத்த குறிப்பு உண்டு. இப்போது இரண்டும் இல்லை. வேண்டுமானால் ஒரு சின்ன வெள்ளைக் காகித வட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். நிலவு வந்ததும் அவர் நிலவைப் பார்ப்பவராகிவிடுவார், படமும் அழகாகிவிடும். அந்த அழகுதான் ஃப்ரீட்ரிஷுக்கு வேண்டாமென்று போயிருக்கிறது.

6. இதை வரைந்த அறையைப் பாருங்கள்

ஃப்ரீட்ரிஷின் நண்பரும் ஓவியருமான கேயோர்க் ஃப்ரீட்ரிஷ் கெர்ஸ்டிங், அவர் வேலை செய்யும் அறையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார். 1811-ல் வரைந்தது ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஓவியரின் அறை என்றால் பொம்மை, பட்டுத் துணி, மண்டையோடு, பாதி முடித்த படங்கள் என்று குப்பையாகக் கிடக்கும் என்றுதான் நினைப்போம். இதில் ஓவியத்தை நிறுத்திவைக்கும் தாங்கி, நாற்காலி, மேசை, சுவரில் மாட்டிய வண்ணத்தட்டுகள், அளவுகோல், முக்கோண மட்டம். வேறொன்றும் இல்லை. சன்னலின் கீழ்ப்பாதி பலகையால் அடைக்கப்பட்டிருக்கிறது, மேலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிறது. தெருவைப் பார்க்க வழியே கிடையாது.

பால்டிக் கடற்கரையை வரைபவர் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கவில்லை. அவர் பிறந்தது 1774-ல், அந்தக் கடலோரத்தில் உள்ள கிரைஃப்ஸ்வால்டில். ரூகன் தீவில் பலமுறை நடந்து நடந்து பென்சிலால் குறிப்பு எடுத்துவந்தார். ஆனால் ஓவியமாவது இந்த அடைத்த அறைக்குள்தான். தனக்குள் எதையும் காணாத ஓவியன், கண்ணெதிரே இருப்பதையும் வரையாமல் விட்டுவிடலாம் என்பது அவரே எழுதிவைத்த கருத்து. காலிப்படத்துக்குக் காலி அறை, அவ்வளவு பொருத்தம்.

7. அவர் யார் என்ற கேள்வியைத் தள்ளிப் போடுங்கள், ஆனால் கேளுங்கள்

'துறவி' என்பது ஓவியரிடமிருந்து வந்த சொல்லா என்று பார்க்க, 1809-ல் அவர் எழுதிய கடிதம் ஒன்று உதவும். அதில் அவர் கடற்கரையில் கருப்பு உடையில் ஆழ்ந்த யோசனையோடு நடக்கும் ஒரு 'மனிதன்' என்றுதான் சொல்கிறார். கடற்காகங்கள் அவனைச் சுற்றிப் பதறிக் கத்துகின்றனவாம், இந்தக் கொந்தளிக்கும் கடலில் இறங்கிவிடாதே என்று எச்சரிப்பதுபோல. இதைப் படித்துவிட்டு அந்த வெள்ளைக் கீற்றுகளை மறுபடி போய்ப் பாருங்கள்.

கடிதத்தின் மீதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஓவியர் அந்த மனிதனைத் திட்டுகிறார்! காலையிலிருந்து மாலைவரை, மாலையிலிருந்து நள்ளிரவுவரை யோசித்தாலும் மறுபக்கத்தை உன்னால் அறிய முடியாது என்கிறார். வீண் இறுமாப்புக் கொண்ட மூடன் என்கிறார். மணலில் உன் காலடி ஆழமாகப் பதிந்திருக்கலாம், மெல்லிய காற்று ஒன்று வந்தால் தடமே இருக்காது என்கிறார்.

தனியே நின்று சிந்திப்பவனை உயர்த்திப் பிடிக்கும் படம் என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தத்துவ மேற்கோள்களுக்குப் பின்னணியாக இதைப் போடுகிறார்கள். வரைந்தவருக்கு அந்த ஆள்மேல் அவ்வளவு மரியாதை இருந்ததாகக் கடிதம் காட்டவில்லை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த உருவம் ஓவியரேதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அவர் திட்டியது தன்னைத்தான்.

இந்த இடத்தில் 'பனிக்கடலின் மேல் நிற்கும் பயணி'யைத் திறவுங்கள். பார்த்ததும் அடையாளம் தெரியும், அவ்வளவு புத்தக அட்டைகளில் வந்துவிட்டது. 1818 வாக்கில் வரைந்தது, ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சைக் கோட்டு, கையில் தடி, காற்றில் கலைந்த தலை. அவரும் முதுகைத்தான் காட்டுகிறார். ஆனால் படம் நெட்டுக்குத்தானது, ஆள் நட்டநடுவில் பாறை உச்சியில் நிற்கிறார். இருபுறத்து மலைச்சரிவுகளும் அவர் மார்பை நோக்கி இறங்கி வருகின்றன. தலை வானத்தில் இருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நாமும் நின்றுகொள்ளலாம், அந்த இடம் நமக்கும் சேர்த்தே தரப்பட்டது. துறவியின் அருகில் போய் அப்படி நிற்க முயன்று பாருங்கள். நம் கால் எங்கே என்றே தெரியாது, மணல் நமக்குக் கீழே எங்கோ இருக்கிறது.

8. பிறகு, மற்றவர்கள் பார்த்ததைப் படியுங்கள்

இதை முதலிலேயே செய்தால் அவர்கள் கண்ணால்தான் பார்ப்பீர்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம்.

1809 ஜூனில், ஃப்ரீட்ரிஷின் நண்பரான ஓவியர் கெர்ஹார்ட் ஃபொன் க்யூகல்கெனின் மனைவி மரீ ஹெலெனா வேலைக்கூடத்தில் இதைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். மனதுக்கே பிடிக்கவில்லை அவருக்கு. சூரியன் இல்லை, நிலவு இல்லை, புயல் இல்லை. புயலாவது இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும், எங்கேயாவது உயிரும் அசைவும் தெரிந்திருக்கும் என்கிறார். படகு இல்லை, கப்பல் இல்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை, மணலில் ஒரு புல்கூட இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். குறை சொல்ல வந்த கடிதம்தான். ஆனால் இதைவிடச் சரியாக இந்த ஓவியத்தைப் பார்த்த ஒருவரை நான் படித்ததில்லை. அவர் போட்ட பட்டியலும் ஃப்ரீட்ரிஷ் எடுத்துவிட்டவற்றின் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஜூனிலேயே கப்பல்கள் போய்விட்டன என்பதும் இதிலிருந்து நமக்குத் தெரிகிறது.

1810 இலையுதிர் காலத்தில் ஓவியம் பெர்லின் கலை அகாடமி கண்காட்சிக்குப் போனது. எழுத்தாளர்கள் பிரெண்டானோவும் ஆர்னிமும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள், பெரும்பாலும் படத்தின் முன் வந்து நிற்பவர்கள் பேசிக்கொள்ளும் அசட்டுப் பேச்சுகள். அதைத் தன் நாளிதழுக்காக வாங்கிய இன்னொரு எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபொன் க்ளைஸ்ட் வெட்டித் திருத்தித் தன் போக்கில் மாற்றி அக்டோபர் 13 அன்று வெளியிட்டுவிட்டார். பிரெண்டானோவுக்குக் கடும் கோபம். கோபம் நியாயமானதுதான், ஆனால் இன்று எல்லோர் நினைவிலும் நிற்பது க்ளைஸ்ட் சேர்த்த ஒரு வாக்கியம். முன்புறத்தில் சட்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லாததால், இதைப் பார்க்கும்போது கண்ணிமைகளை வெட்டி எடுத்துவிட்டதுபோல் இருக்கிறது என்றார் அவர். இமை இல்லாதவனால் கண்ணை மூட முடியாது. நான்காவது படியில் உங்கள் விரல் அலைந்ததற்கு இதுதான் பெயர்.

யார் வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம், பதினைந்து வயது இளவரசர் கேட்டுக்கொண்டதால் வாங்கினார். நெப்போலியனிடம் தோற்ற நாடு அது, அரசி லூயிசே அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். தாயை இழந்த பையன் இந்தப் படத்தைக் கேட்டான் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

9. நாலு இடத்தில் கவனம்

ஃப்ரீட்ரிஷுக்குப் பதின்மூன்று வயதில், 1787-ல், அவர் தம்பி உடைந்த பனிக்கட்டிக்குள் விழுந்து இறந்துபோனார். இந்தத் தகவல் கையில் கிடைத்ததும் எல்லாப் படத்துக்கும் அதையே சாவியாகப் போடுவார்கள். துயரம் உண்மை, ஆனால் கப்பல்களை ஏன் அழித்தார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இது கடவுள் இல்லாத உலகின் படம் என்பார்கள். ஃப்ரீட்ரிஷ் ஆழ்ந்த லுத்தரன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ) பக்தர், கடிதத்தில் அவர் கண்டித்தது தேடும் மனிதனின் இறுமாப்பை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோவின் வண்ணப் பட்டைகளுக்கு முன்னோடி என்பார்கள். 1961-ல் கலை வரலாற்றாளர் ராபர்ட் ரோசன்பிளம் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசியதிலிருந்து வரும் ஒப்பீடு அது. வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் ரோத்கோவில் அந்த விரல் உயர ஆள் கிடையாது. மறைத்த கட்டைவிரலை மறக்க வேண்டாம்.

நாலாவது, படத்தை வெட்டிச் சதுரமாக்கிப் போடுபவர்கள். வானத்தை வெட்டிவிட்டு ஆளை நடுவில் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கோப்பை வைத்து மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது.

10. ஜோடிப் படத்தைத் திறவுங்கள்

கடைசி பத்து நிமிடத்துக்கு 'ஓக் மரக்காட்டில் மடாலயம்'. ஏறக்குறைய அதே அளவு, அதே கண்காட்சி, அரசர் இரண்டையும் சேர்த்தே வாங்கினார். பனி மூடிய மயானம், சாய்ந்த சிலுவைகள், இலை உதிர்ந்து முறுக்கிக்கொண்ட ஓக் மரங்கள். நடுவில் இடிந்த தேவாலயத்தின் ஒற்றைச் சுவர், கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்திலுள்ள எல்டெனா மடத்து இடிபாட்டைப் பார்த்து வரைந்தது. அடியில் இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு தேடினால் துறவிகளின் வரிசை ஒன்று தெரியும். அவர்கள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து அந்த வாயிலை நோக்கிப் போகிறார்கள்.

பெட்டியில் இருப்பது யார் என்று படம் சொல்லவில்லை. முதல் படத்தில் கரையில் நின்றவர்தான் என்று படிப்பவர்கள் உண்டு. இரண்டும் ஜோடி என்பதால் அந்த வாசிப்புக்கு இடம் இருக்கிறது.

பெர்லினுக்குப் போக வாய்த்தால் இரண்டும் அருங்காட்சியகத் தீவில், ஆல்ட்டே நாட்சியோனால்காலெரியில் உள்ளன. இரவல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அறைக்குள் நுழைந்ததும் கிட்டே போய்விடாதீர்கள். சுவரில் சாக்பீஸ் போட்டுப் பழகிய அந்த நாலடி தூரத்திலேயே முதலில் நின்று, அந்த ஆள் கண்ணுக்குத் தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.